பதினொன்றாம் எண் மெஷின்

அந்த ஃபேனை மட்டும் நிறுத்திவிட்டு உட்காருங்கள், அம்மிணி. ஸ்விட்ச் உங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஏப்ரல் மாதம், ஈரோட்டு வெயில், எல்லாம் எனக்கும் தெரியும். காற்று எனக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். வலியெல்லாம் இல்லை. வலி எனக்குப் பூஜ்யம். உங்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண்பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது எப்படி உட்கார வேண்டும் என்று தெரிந்தவன்தான். துவைத்துப் போட்ட சட்டை காயவில்லை. மூன்று நாளாகக் காயவில்லை.

நேற்று முன்தினம் நீங்கள் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். டிசம்பர், ஜனவரியில் எந்த மெஷினில் உட்கார்ந்தீர்கள், ஏழா, பதினொன்றா என்று. பதினொன்று, என் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. நீங்கள் கேட்டது நான் உட்கார்ந்ததை, நான் சொன்னது கார்டில் இருந்ததை. முப்பத்துநான்கு வருடம் அரசாங்கத்துக்குப் பதில் எழுதியவனுக்கு இந்த வித்தியாசம் இயல்பாக வந்துவிடும். ஆனால் நேற்று ஒரு காரியம் நடந்துவிட்டது. அதனால்தான் நானே போன் செய்து உங்களை வரச் சொன்னேன். முழுக்கச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒரு தடவை என்னிடம் காட்டிவிடுங்கள்.

வசந்தாமணி விஷயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பெண் பஸ் கண்டக்டர். உங்கள் பதிவேட்டின்படி அவள் உட்கார்ந்தது டம்மி மெஷினில், பேருக்குத்தான் சிகிச்சை. டம்மியில் குணமானவளுக்கு மேற்கொண்டு சிகிச்சை தர உங்கள் ஆய்வில் விதி இல்லை. ஆகவே ஜனவரியோடு நிறுத்திவிட்டீர்கள், மார்ச்சில் வலி திரும்பிவிட்டது, தோளில் பை மாட்ட முடியவில்லை. இருபதாம் தேதி மெடிக்கல் போர்டு. அதற்குள் அவள் உட்கார்ந்தது நிஜ மெஷினில்தான் என்று ருசுவானால் இன்னும் ஆறு மாதம் சிகிச்சை கிடைக்கும், வேலையும் தப்பும். அவளைக் கேட்டால் "சாரைக் கேளுங்க" என்கிறாள், வேறு ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குத்தானே நீங்கள் என் வாசலுக்கு வந்தீர்கள்? சரி.

முதலில் நான் யார் என்று எழுதுங்கள். சென்னியப்பன், முத்திரை ஆய்வாளர், பணி ஓய்வு. தராசுக்கும் எடைக்கல்லுக்கும் பெட்ரோல் பங்க் அளவுக்கும் சரிபார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். சந்தைக்குள் நான் நுழைந்தால் தக்காளிக் கடையிலிருந்து மீன் கடை வரைக்கும் எல்லோருக்கும் திடீரென்று தாராள மனசு வந்துவிடும். ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்கில் இறங்கினால் முதலாளி எனக்கு மாமா முறை ஆகிவிடுவார். ஒருவர் கையிலும் ஒரு டம்ளர் டீ குடித்தவன் இல்லை. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. அதை எழுத வேண்டாம்.

போன வருஷம் ஆனியில் எனக்கு அக்கி வந்தது. வலது விலா, முதுகுத் தண்டிலிருந்து மார்பு வரைக்கும் அரை பெல்ட் கட்டியது மாதிரி. டாக்டரிடம் போயிருக்கலாம். என் சம்சாரம் சரோஜினி, மண்பானை செய்கிற வேளாரைக் கூட்டி வந்து அக்கி எழுத வேண்டும் என்றாள். காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் வரைவார்கள், பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வந்தவர் வரைந்த சிங்கத்துக்கு நாய் முகம் இருந்தது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, சிங்கம் என்றால் சிங்கமாக இருக்க வேண்டுமே. மூன்று நாள் அவரைத் திரும்பத் திரும்ப வரவழைத்துத் திருத்தச் சொன்னேன். நாலாம் நாள் டாக்டரிடம் போனபோது, மருந்து வேலை செய்கிற நாள் தாண்டிவிட்டது என்றார். கொப்புளம் ஆறிவிட்டது. வலி மட்டும் தங்கிவிட்டது. தோலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பனியன் பட்டால் தீக்கங்கை வைத்துத் தேய்த்தது மாதிரி இருக்கும். நரம்பு வெந்துபோய்விட்டது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வலி கொஞ்சம் குறைந்தது, புத்தி நிறையக் குறைந்தது. ஒருநாள் வீட்டுச் சாவியைப் பால் பாத்திரத்துக்குள் போட்டுக் காய்ச்சிவிட்டேன். மாத்திரையை நிறுத்தினேன்.

அப்போதுதான் உங்கள் டாக்டர் ஜெசிந்தாவின் ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஊசி இல்லை, கத்தி இல்லை. முதுகெலும்பு ஓரம் ஜெல் தடவி, டார்ச் லைட் தலை மாதிரி ஒன்றை வைத்துக் கால் மணி நேரம், காதுக்குக் கேட்காத சத்தம். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஸ்கேன் எடுக்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட் சாதிதான். ஆனால் படம் பிடிக்காது, வலியைச் சுமந்துகொண்டு போகிற நரம்பைத் தட்டி அடக்கப் பார்க்கும், அடங்குமா என்பதுதான் ஆய்வு என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இருபத்துநாலு பேர். பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு டம்மி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மெஷின் வைக்கிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கே தெரியாது. தெரிந்தவர் ஒருவர், அவரும் சென்னையில்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் பதினான்கு பிழை திருத்திக் கொடுத்ததை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

யோசித்துப் பாருங்கள், அம்மிணி. ஒரு கடையில் இரண்டு தராசு. ஒன்று சரி, ஒன்று தப்பு. எது எது என்று கடைக்காரருக்கே தெரியாது. இதை நான் சந்தையில் பார்த்திருந்தால் இரண்டையும் அன்றைக்கே பறிமுதல் செய்திருப்பேன். இங்கே என்னைத் தராசில் ஏற்றி உட்காரவைத்து, வாயைத் திறக்காதே என்கிறார்கள்.

புதன்கிழமை பத்து மணி என் முறை. ஒரே அறை, நடுவில் திரை. இந்தப் பக்கம் பதினொன்றாம் எண் மெஷின், நான். அந்தப் பக்கம் ஏழாம் எண், வசந்தாமணி. அவளுக்கும் அக்கிதான், இடது விலா. பத்தொன்பது வருடமாகப் பை தொங்கின அதே இடம். புருஷன் டிரைவராக இருந்து இறந்துபோனதால் கிடைத்த வேலை, ஒரு பெண்ணை நர்சிங் படிக்கவைக்கிறாள். இதெல்லாம் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. பேசக் கூடாது என்று போர்டு இருந்தது. அவள் படிக்கவில்லை போல. நான் படித்தேன், ஆனால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே.

நாலு வாரம் பதினொன்றில் உட்கார்ந்தேன். ஒன்றுமே இல்லை, அம்மிணி. ஒரு சத்தம் இல்லை, ஒரு அதிர்வு இல்லை. பிணத்தைத் தொட்ட மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் ஏழாம் எண்ணில் மட்டும் விர்ரென்று ஒரு ரீங்காரம், திரை வழியாகவே கேட்கும். அந்த நாலு வாரத்தில் என் வலி ஒன்பதிலிருந்து ஆறுக்கு வந்தது, அது வேறு விஷயம். கார்த்திகை மாதம், குளிர். குளிருக்கு உடம்பு தானாகவே இறுகும். நாலாவது வாரக் கடைசியில் மூன்று நாள் பனியன்கூடப் போட்டேன். சரோஜினி அதைப் பார்த்துவிட்டுக் கேசரி கிண்டினாள். பெண்களுக்கு எதையும் அவசரப்பட்டுக் கொண்டாடுகிற சுபாவம்.

ஐந்தாவது புதன்கிழமை ஒன்பதரைக்கே போய்விட்டேன். இரண்டு மெஷினையும் போட்டுவைத்துவிட்டு, மெஷின் வைக்கிற பெண் ஜெல் எடுக்கப் போயிருந்தாள். என் மச்சினன் மகன் கடைவீதியில் பிசியோதெரபி வைத்திருக்கிறான். அல்ட்ராசவுண்ட் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், வேலை செய்கிற மெஷின் என்றால் சொட்டு துள்ளும் என்று அவன் சொல்லியிருந்தான். கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். பதினொன்றின் தலையில் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு அப்படியே முத்து மாதிரி நின்றது. ஏழின் தலையில் விட்டேன். துள்ளியது, சிதறியது, என் மூக்குக் கண்ணாடியிலேயே தெறித்தது. முடிந்தது விசாரணை. ஏழு நிஜம், பதினொன்று டம்மி.

இதுவரைக்கும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்துச் செய்ததை வேண்டுமானால் சொல்லலாம்.

கார்டில் பெயர் இல்லை, கவனித்தீர்களா? எண் மட்டும்தான். மெஷின் வைக்கிறவர்கள் வாரத்துக்கு ஒருவர், முகக்கவசம், பேச அனுமதி இல்லை. கார்டில் என்ன எண்ணோ அந்த மெஷினில் உட்காரவைப்பார்கள், அவ்வளவுதான். மேல்மாடியில் டாக்டர் வலி மதிப்பெண் கேட்டு எழுதும்போது மட்டும் பெயர். கீழே எண், மேலே பெயர், இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டு. ரகசியம் காப்பதற்காக நீங்கள் செய்த ஏற்பாடு. என் உத்தியோகத்தில் இதை ஓட்டை என்போம்.

வாசலில் வசந்தாமணிக்காகக் காத்திருந்தேன். என்ன சொல்வது? உன் மெஷின் நிஜம், என்னுடையது டம்மி, மாற்றிக்கொள் என்றால் யார் மாற்றுவார்கள்? அதனால் கொஞ்சம் திருப்பிச் சொன்னேன். "அம்மிணி, நான் சோதிச்சுப் பார்த்துட்டேன். பதினொண்ணுதான் நிஜ மெஷின். ஏழு டம்மி. நான் வயசானவன், எனக்கென்ன, வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கிறவன். நீ வேலைக்குப் போறவ. என்னுடையதை நீ எடுத்துக்கோ" என்றேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். அவளுக்கு நான் நஷ்டம் ஒன்றும் செய்யவில்லை. டம்மியில் உட்கார்ந்தாலும் மனத்திருப்தி என்று ஒன்று இருக்கிறது, அதனாலேயே பலருக்கு வலி குறையும் என்று உங்கள் படிவத்திலேயே மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நிஜம் என்று நம்பி உட்கார்ந்தால் திருப்தி கூடுதல். எனக்கு அந்த வசதி கிடையாது, எனக்குத்தான் உண்மை தெரியுமே. ஆகவே நியாயமாகப் பார்த்தால் டம்மிக்குப் பொருத்தமான ஆள் அவள்தான்.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து என் காலைத் தொட்டாள். தோள் குலுங்கியது. எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. இருந்தாலும் விஷயம் வெளியே போகக் கூடாதே, டாக்டரம்மாவுக்குக் கெட்ட பெயர். ஆஸ்பத்திரி கேட்டுக்குப் பக்கத்தில் அரசமரத்துப் பிள்ளையார் இருக்கிறாரே, அங்கே அழைத்துப்போய்க் கற்பூரம் ஏற்றி, அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று ஒரே அடியில் கற்பூரத்தை அணைத்தாள். நானும் அடித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் வாசலிலேயே கார்டை மாற்றிக்கொண்டு, எட்டு வாரம் ஏழில் உட்கார்ந்தேன். பிரமாதமான மெஷின். முதுகுத் தண்டு முழுக்க அதிரும், பல்லெல்லாம் லேசாகக் கூசும். இதல்லவா சிகிச்சை என்று இருந்தது. மேலே போய் மதிப்பெண் சொன்னேன். ஐந்தே கால். அடுத்த வாரம் நாலரை. அப்புறம் மூன்றே முக்கால். பன்னிரண்டாவது வாரம் பூஜ்யம். வாரத்துக்கு முக்கால் முக்காலாக, ஒரு பிசகு இல்லாமல் இறங்கிய வலியை எங்கள் புள்ளிவிவரக்காரர் இதுவரை பார்த்ததில்லை என்று நேற்று முன்தினம் சொன்னீர்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு டீ கொடுத்தேன்.

உண்மையில் அப்படி இறங்கியதா என்று கேட்காதீர்கள். இது ஒரு முறை. முத்திரை போட்ட எடைக்கல்லைத் தராசில் வைக்கிறோம். முள் சரியாக நிற்கவில்லை. யார்மேல் குற்றம்? கல்லின்மேலா? தராசின்மேல்தான். நிஜ மெஷின்தான் எடைக்கல், என் உடம்பு தராசு. உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் அது உடம்பின் கோளாறு. நான் உடம்பு காட்ட வேண்டிய மதிப்பெண்ணைச் சொன்னேன். அது காட்டியதைச் சொல்லவில்லை. பேரன் பிறந்தநாளுக்குப் பெங்களூர் போகாததற்கு வேறு காரணம் இருந்தது. நடைப்பயிற்சிக்குப் போவதை நிறுத்தியதற்கும் வேறு காரணம் இருந்தது. எல்லாவற்றையும் வலியில் கொண்டுபோய் முடிச்சுப் போடக் கூடாது.

நேற்று முன்தினம் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ரொம்ப மெதுவாகச் சொன்னீர்கள். சென்னையில் உறையைப் பிரித்துவிட்டோம் சார், நிஜம் பதினொன்றுதான் என்று. போலியில் உட்காருகிறவருக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று ஏழாம் எண்ணுக்குள் ஒரு சின்ன மோட்டாரை வைத்திருக்கிறார்களாம், செல்போனில் அதிருமே அந்த ஜாதி. பதினொன்றில் இருப்பது மனிதத் தோலில் அழுத்தினால் மட்டுமே வேலை செய்யுமாம். சும்மா வைத்தால் சத்தமே விடாதாம். அதனால்தான் என் சொட்டு முத்து மாதிரி நின்றிருக்கிறது.

நீங்கள் போன பிறகு நான் சாப்பிடவில்லை. சரோஜினி என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டாள். பாரம் ஏற்றாமல் எந்தத் தராசையும் சோதிக்கக் கூடாது. இது முதல் பாடம், அம்மிணி. என் கீழே வேலை செய்த நாலு பேருக்கு இதற்காக மெமோ கொடுத்திருக்கிறேன். ஒருவனுக்கு இன்க்ரிமென்டை நிறுத்தியிருக்கிறேன். நான் பாரம் ஏற்றாமல் சோதித்துவிட்டு, நிஜ மெஷினைத் தூக்கி ஒரு கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, எட்டு வாரம் செல்போனில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவளிடம் நான் சொன்னது என்ன? பதினொன்று நிஜம், நீ எடுத்துக்கொள் என்று. அது அட்சர சுத்தமாக உண்மை. பொய் சொல்ல நினைத்தது உண்மைதான், ஆனால் சொன்னது பொய் இல்லை. சட்டப்படி பார்த்தால் நான் அவளுக்கு உபகாரம் செய்திருக்கிறேன். நேற்றுக் காலையில் எழுந்தபோது இந்தத் தெளிவு எனக்கு வந்துவிட்டது. சரி, அந்தப் பெண்ணைப் பார்த்து, உன்னைச் சத்தியத்திலிருந்து விடுவிக்கிறேன், தைரியமாகச் சொல் என்று சொல்லிவிட்டு வருவோம் என்று டிப்போவுக்குக் கிளம்பினேன். உபகாரம் செய்தவன் முகத்தோடுதான் போனேன். அதை மறைக்கவில்லை.

பஸ்ஸில் போனேன். சட்டை போட்டுக்கொண்டுதான். வலது பக்கத்தை மட்டும் இரண்டு விரலால் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். அது ஒரு பழக்கம்.

டிப்போவில் வசந்தாமணியை டைம் கீப்பர் அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள், இருபதாம் தேதி வரைக்கும். போர்டில் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் பஸ் கழுவுகிற இடத்துக்குப் போக வேண்டியதுதான் என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். வெளியே வந்தாள். இடது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் வலது பக்கத்தைப் பிடித்திருந்தேன். டீக்கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்ன விளையாட்டு என்று புரியாமல் முழித்தார்.

"அம்மிணி, மெஷின் மாத்தினதை அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணுகிட்டச் சொல்லிடு" என்றேன்.

"எதுங்க சார்? ஒண்ணும் மாத்தலீங்களே" என்றாள். கண் இமைக்கவில்லை. வேலை போகிற நேரத்திலும் முத்திரை உடையாமல் இருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் விடுவிக்கிறேன் என்றேன். சத்தியம் பிள்ளையார்கிட்டப் பண்ணினது, நீங்க எப்படி விடுவிப்பீங்க என்றாள். சரி, நானே சொல்லிவிடுகிறேன், நீ தலையை மட்டும் ஆட்டு என்றேன். தலையாட்டுவதும் சொல்வதில்தான் சேரும் என்றாள். இப்படி ஒரு ஆள் என் அலுவலகத்தில் இருந்திருந்தால் நான் ஜில்லாவையே திருத்தியிருப்பேன்.

உபகாரி முகத்தோடு இதற்கு மேல் நகர முடியவில்லை, அம்மிணி. அவள் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படி நிற்கிறாள் என்று நினைத்தேன். காப்பாற்றப்பட வேண்டிய ஆளில்லை நான் என்று தெரிந்தால்தான் வழிக்கு வருவாள். டீ ஆறுகிற வரைக்கும் யோசித்தேன். பிறகு சொன்னேன்.

"நான் உனக்கு நல்லது செய்யலை. பதினொண்ணு டம்மின்னு நினைச்சுத்தான் உன் தலையில கட்டினேன்."

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"அது தெரியுமுங்க சார்."

எப்போது தெரியும் என்றேன்.

"அன்னைக்கேதானுங்க. பத்தொம்பது வருஷமா வண்டியில நிக்கறேன். டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எனக்குத் தெரியாதுங்களா?"

தெரிந்தும் ஏன் மாற்றிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"அந்த ஏழு நம்பரு நம்ம வண்டி எஞ்சின் மாதிரியே அதிருமுங்க. அதிர்ந்து போற வலின்னா எனக்கு வலியே வந்திருக்கக் கூடாதுங்க, பத்தொம்பது வருஷமா எஞ்சின் பக்கத்துல நிக்கறவளுக்கு. இது ஆகாதுன்னு மொத வாரமே நெனச்சேன். சத்தமில்லாத மெஷின் யாருக்குக் கிடைச்சுதோன்னு திரை வழியாப் பார்த்துட்டே இருந்தேன். நீங்களா வந்து குடுத்தீங்க." அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "சிரிப்பை அடக்க முடியலீங்க சார். அதுக்குத்தான் கால்ல விழுந்தேன். மன்னிச்சுக்குங்க" என்றாள்.

பதினொன்றுதான் நல்ல மெஷின் என்று அன்றைக்கே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்க பெரிய ஆபீசரு, நான் சொன்னா எடுத்துக்குவீங்களா என்றாள். எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். அவள் தப்பான வழியில் யோசித்துச் சரியான முடிவுக்கு வந்திருக்கிறாள். நான் சரியான வழியில் போய்த் தப்பான முடிவுக்கு வந்திருக்கிறேன். முறை என்று பார்த்தால் என்னுடையதுதான் முறை. நேற்று இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வரும்வரைக்கும் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீடு வந்ததும் நிறுத்திவிட்டேன்.

அவள் ஒரு வழி சொன்னாள். நீங்க மொதல்ல எழுதிக் குடுத்துடுங்க சார், எழுதினதுக்கப்புறம் அது ரகசியமே இல்லை, அவங்க கேட்டா நான் ஆமான்னு சொல்லிக்கறேன் என்றாள். ஆகவே இப்போது நீங்கள் எழுதியதை என்னிடம் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். "தவறுதலாக மாறிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். தவறுதலாக இல்லை. "டம்மி என்று நம்பி, வேண்டுமென்றே, அவரிடம் தள்ளிவிட்டேன்" என்று போடுங்கள். ஆமாம், அப்படியேதான். இருபதாம் தேதி போர்டில் இதைப் படிக்கிறவர் அவள்மேல் ஒரு குற்றமும் காணக் கூடாது. இதோ, கையெழுத்து. தேதியும் போட்டாகிவிட்டது.

இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஓ. என் மதிப்பெண்ணா? எட்டு வாரத்துக்கும் நிஜமான மதிப்பெண் வேண்டுமா? முக்கால் முக்காலாக இறங்கியதை அடித்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும், காலியாக இருந்தால் அவளுடைய கணக்கும் நிற்காது என்கிறீர்கள். டம்மியில் உட்கார்ந்தவனுக்குக் குறையவில்லை என்பதும் எழுத்தில் வேண்டும். புரிகிறது. ஆனால் நான் அதைக் குறித்துவைக்கவில்லையே. மனசிலிருந்து சொன்னால் மறுபடியும் என்னைத்தானே நம்ப வேண்டும். நீங்கள் நம்பினாலும் உங்கள் புள்ளிவிவரக்காரர் நம்ப மாட்டார். நானே நம்ப மாட்டேன்.

என்ன, சரோஜினி? இது எதற்கு இப்போது? போன வருஷக் காலண்டரும் இந்த வருஷக் காலண்டரும்.

ஒரு நிமிஷம், அம்மிணி. எனக்கே இது புதிது. ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறாள். ஒன்று, இரண்டு, சில நாள் ஐந்து. குளிக்கும்போது தண்ணீர் முதுகில் பட்டு நான் கத்துகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளியாம். பைப்பை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் கத்துவேன். கேட்காது என்று நினைத்திருந்தேன். இவள் அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நவம்பரில் பாருங்கள், வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வருகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் மூன்று நாள் புள்ளியே இல்லை. கேசரி அன்றைக்குத்தான். அதற்கப்புறம் பாருங்கள். ஏறுகிறது. ஜனவரி முழுக்க ஏறியிருக்கிறது.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்கிறேன், காலண்டரை உங்கள் பக்கம் நகர்த்திவைக்கிறாள் பாருங்கள்.

எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டரம்மாவிடம் கொடுங்கள். எனக்கும் பதினொன்றில் மறுபடியும் இடம் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள். வசந்தாமணிக்குப் போக மிச்சமிருந்தால் போதும். ஒரு வினாடி, கொடுத்துவிடுவதற்கு முன்னால் ஒரே ஒரு திருத்தம். ஜனவரி பதினேழில் நாலு புள்ளி இருக்கிறது. அன்றைக்கு மோட்டார் கெட்டு, தெருவுக்கே தண்ணீர் வரவில்லை. நான் குளிக்கவே இல்லை. அந்த நாலையும் அழித்துவிட வேண்டும்.

என்ன சொல்கிறாள்? சத்தமாகச் சொல், அம்மிணிக்குக் கேட்கட்டும்.

குளிக்காமலே கத்தினேனாம்.

சரி. இருக்கட்டும்.